உண்மைப் பெயருக்கு ஓர் அர்ச்சனை

9 பிப்ரவரி 1976, திங்கள்

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒருவழியாக ஆள் வந்துவிட்டது. டாக்டர் சம்பந்தம் காலையில் தானே கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் பக்கிரிசாமி. வயது முப்பத்தைந்து இருக்கும், நல்ல உயரம்.

"ஆஸ்பத்திரியில வார்டு பாயா இருந்த ஆளு, டீச்சர். தூக்க, குளிப்பாட்ட எல்லாம் தெரியும். மாடி ரூமைக் கொடுத்துடுங்க. வெளியில தெருவுல எங்கயும் போகமாட்டாரு" என்றார் டாக்டர்.

வெளியில் போகாத ஆண்பிள்ளையை இந்த மாயவரத்தில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இன்னும் ஒரு மாதம் தனியாகத் தூக்கிப் போட்டால் நானும் பக்கத்துக் கட்டிலில் விழ வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தில் இருபது அம்சத் திட்டத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட உத்தரவு. பதினான்காவது அம்சத்தில் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் என்னை முறைத்தார். மாநில ஆட்சியைக் கலைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஊரில் எல்லோருக்கும் குரல் இறங்கிவிட்டது.

11 பிப்ரவரி

அப்பா சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

17 பிப்ரவரி, செவ்வாய்

இவர் வார்டு பாய் என்றால் நான் கலெக்டர். நோயாளியைப் படுக்க வைத்தபடியே விரிப்பை மாற்றத் தெரியவில்லை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை மிருதுவாக இருக்கிறது, நடுவிரலில் பேனா பிடித்த காய்ப்பு. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. வெந்நீர்ச் சொம்பை வாங்கும்போது கண்ணில் பட்டது.

கும்பகோணத்துக்காரர் என்று சொல்லிக்கொள்கிறார். இன்று கஞ்சி புரையேறி அப்பா இருமியபோது, "மெதுவாங்க, ஒண்ணும் அவசரமில்லீங்" என்று அவர் வாயில் வந்துவிட்டது. கும்பகோணத்தில் எந்தத் தெருவில் இப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் போய்விடுவாரோ என்று விட்டுவிட்டேன்.

27 பிப்ரவரி, வெள்ளி

வழக்கம்போல் துர்க்கையம்மன் கோயிலில் அப்பா பெயருக்கு அர்ச்சனை. கூடவே பக்கிரிசாமிக்கும் ஒன்று. நம் வீட்டில் உழைக்கிற மனிதர், செய்தால் என்ன? நட்சத்திரம் கேட்டிருந்தேன், தெரியாது என்று சொல்லிவிட்டார். நட்சத்திரம் தெரியாத ஆளா என்று குருக்கள் சலித்துக்கொண்டே மணியை ஆட்டினார்.

ஏட்டு கலியமூர்த்தி வெள்ளி தவறாமல் ஆறு மணிக்குச் சன்னதியில் நிற்கிறார். அவர் பெண் அமுதா என் வகுப்பு. பெருக்கல் வாய்ப்பாடு ஏறவே மாட்டேன் என்கிறது.

8 மார்ச், திங்கள்

இன்று என்னை ஏழு தடவை "டீச்சர்" என்று கூப்பிட்டார். நேற்று நான்கு.

14 மார்ச், ஞாயிறு

எதிர்வீட்டு விசாலம் சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்து அவரிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். எந்த ஊர், எத்தனை பிள்ளை, சம்சாரம் எங்கே என்று குடைந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மருந்து அரைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சர்க்கரை இல்லை. இருந்தாலும் கொடுக்கிறதா இல்லை" என்று சொல்லிவிட்டேன். இருபது வருடப் பழக்கம். போகட்டும்.

அவர் பாதுகாப்புக்காகத்தான் சொன்னேன். ஏதோ மறைக்கிறார் என்று தெரியும்போது நாலு பேர் வந்து துருவுவது நல்லதில்லை.

பழுப்புச் சட்டையில் மூன்றாவது பொத்தான் அறுந்திருந்தது. வேறு தைத்துக் கொடுத்தேன். அறுந்தது என் பென்சில் டப்பாவில் இருக்கிறது.

19 மார்ச், வெள்ளி

சம்பளத்தில் ஊதாப் புடவை ஒன்று எடுத்தேன். முப்பத்தெட்டு வயதில் ஊதா என்ன என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே கேலி. மூன்று பேர் பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர்கள் சொல்லி அனுப்புகிற வரைக்கும் நான் காவி கட்டிக்கொண்டா இருக்க முடியும்? அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்பா கவனித்தார்.

28 மார்ச், ஞாயிறு

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். டாக்டர் வரும்போது ஒரு கவரை அவர் கையில் கொடுத்ததைப் பார்த்தேன். மேல் விலாசம் இல்லை. வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. எவளோ எழுதியிருக்கிறாள் என்று தோன்றிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அப்பாவைக் குளிப்பாட்டும் நேரம் பார்த்து மாடிக்குப் போய் அவர் பையைத் திறந்தேன்.

எழுதியது அவருடைய அம்மா. யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். கண்ணு, போலீசு வாரத்துக்கு ரெண்டு தடவை வருது, உன் நட்சத்திரம் உத்திரட்டாதிக்கு மாசாமாசம் விளக்குப் போடுறேன், பொண்ணு வீட்டுக்காரங்க இனிமேல் காத்திருக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க என்று போகிறது கடிதம். பாவம் அந்த அம்மா. கடைசி வரியைப் படித்தபோது என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நானே கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய உண்மையான பெயரும் அதில் இருந்தது. இந்த நோட்டில்கூட எழுதமாட்டேன்.

4 ஏப்ரல், ஞாயிறு

ரயில்வே ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஏழு படங்கள். இரண்டாவது வரிசையில் அவர், மீசையோடு. உடுமலைப்பேட்டை, மில் தொழிலாளர் சங்கச் செயலாளர், பி.ஏ., மிசாவில் தேடப்படுபவர். பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்க வந்தவள்போல் நின்று மூன்று தடவை படித்தேன். மீசை இல்லாமல்தான் அழகு.

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. ஊரில் யாருக்கும் தெரியாதது டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிகிறது. டாக்டருக்கு அவர் கல்லூரிச் சினேகிதர், அம்மா கடிதத்தில் இருந்தது, அவ்வளவுதான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சொல்லமாட்டார் என்பது டாக்டருக்குத் தெரியுமா?

22 ஏப்ரல், வியாழன்

போகப்போகிறாராம். ஞாயிறு அதிகாலை. டாக்டர் வேறு இடம் பார்த்துவிட்டார். "ஊர்ல அம்மாவுக்கு முடியலைங்க டீச்சர், போயிட்டு வந்துடறேன்" என்று பொய் சொன்னார். பொய் சொல்லும்போது துண்டை முறுக்குகிறார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "உங்க பேரு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கும்பகோணமெல்லாம் காற்றில் போய்விட்டது.

"யாருகிட்டயாச்சும் சொல்லிப்போட்டீங்களா?"

"இல்ல."

"எங்கூட இருந்த ரெண்டு பேரைப் புடிச்சுட்டுப் போனாங்க. ஒருத்தன் திரும்பி வரவே இல்லீங். நான் மாட்டுனா எங்கம்மா தாங்கமாட்டாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேனுங்க."

அப்பா தலைமேல் சத்தியம் செய்தேன். மூச்சு விட்டார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுமே.

"இங்கயே இருந்துடுங்களேன். நாம புருஷன் பெண்டாட்டின்னு சொன்னா யார் கேக்கப்போறா? கோயில்ல வச்சு ஒரு தாலி கட்டிட்டா தெருவுல ஒரு வாரம் பேசுவா, அப்பறம் விட்டுடுவா" என்றேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன், ஐந்தாம் வகுப்புக்கு விடுமுறை அறிவிக்கிறமாதிரி.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அதுதான் கொடுமை. "என்னைக் காப்பாத்தறதுக்காக உங்க பேரையே கெடுத்துக்கறேங்கறீங்க. இந்த மனசு யாருக்கு வரும்? கூடப் பொறந்த அக்கா இருந்தாக்கூட இப்படிச் சொல்லமாட்டாங்க" என்றார்.

அக்கா. என்னைவிட மூன்று வயது சின்னவர்தான். கணக்கு சரி.

23 ஏப்ரல், வெள்ளி

அவர் போகிற வழியில் ஒரு ஆபத்தும் வரக்கூடாதென்று அர்ச்சனை செய்யப் போனேன். அவருக்காகத்தான். இத்தனை வெள்ளியும் பக்கிரிசாமி என்று சொன்னேனே, அதெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ. பெயரும் நட்சத்திரமும் சரியாகச் சொல்லாவிட்டால் அம்மன் எந்த ஆளைக் காப்பாற்றுவாள்? வெற்று ஆளுக்குச் செய்த பூஜையாகத்தான் போகும்.

"யார் பேருக்கும்மா?"

"உத்திரட்டாதி, மீன ராசி. திருமூர்த்தி."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் குருக்கள் சங்கல்பம் சொன்னால் கடைத்தெருவுக்கே கேட்கும். மண்டபம் முழுக்க "திருமூர்த்தி நாமதேயஸ்ய" என்று அதிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. இந்த இரண்டரை மாதத்தில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. என் பக்கத்தில் நின்று ஒருவர் அதைச் சொல்கிறார், நான் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்காரருக்கு அர்ச்சனை செய்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

ஏட்டு கலியமூர்த்தி வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், பச்சைக்கரை வேட்டி, இடுப்பில் துண்டு, நெற்றியில் அப்போதுதான் வைத்த குங்குமம். பிரகாரம் சுற்றும்போது கூட நடந்து வந்தார்.

"திருமூர்த்தியா? இந்தப் பக்கத்துல வைக்காத பேரா இருக்கே. யாரு டீச்சர்?"

"தூரத்துச் சொந்தம்."

"எந்த ஊரு?"

"உடுமலப்பேட்டை."

வேறு ஊர் எதுவும் வாயில் வரவில்லை. உலகத்தில் எத்தனை ஊர் இருக்கிறது, பூகோளம் நடத்துகிறவள் நான்.

"ஓகோ" என்றார். அமுதா எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு நான் விளக்கு ஏற்றினேன். பிறகு கொடியில் கிடந்த துணிகளை மடித்தேன். கலியமூர்த்தி ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆள். சொன்னால் இவர் இப்போதே கிளம்பிவிடுவார். ஞாயிறு வர இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது.

24 ஏப்ரல், சனி

கொண்டுபோய்விட்டார்கள்.

காலை பத்து மணி. ஜீப் சத்தம்கூட இல்லை, நான்கு பேர் நடந்தே வந்தார்கள். அவர் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது, இன்னொரு கன்னத்தில் நுரை. "இந்தப் பக்கத்த முடிச்சுப்போட்டு வந்துடறேனுங்க" என்றார். ஒருவன் ரேசரைப் பிடுங்கி எறிந்தான், இன்னொருவன் காதோடு அறைந்தான். அப்பா ஊளையிடுகிறமாதிரி ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தம் அவரிடம் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

வாசலில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வேலைக்குன்னு பொய் சொல்லிச் சேர்ந்தேன்" என்று அவர்களிடம் சொன்னார். அப்போதும் என்னைக் காப்பாற்றினார்.

ஏட்டு வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் தஞ்சாவூர் ஆட்கள்.

அப்பாவின் மறு கன்னத்தை நான்தான் முடித்தேன். மூன்று இடத்தில் வெட்டிவிட்டது.

25 ஏப்ரல்

ஞாயிற்றுக்கிழமை.

26 ஏப்ரல், திங்கள்

டாக்டர் சம்பந்தத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. ஸ்டாஃப் ரூமில் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "எப்படி டீச்சர் ரெண்டு மாசமா தெரியாம வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்கள். தெரியாது, தெரியாது என்று எட்டுப் பேரிடம் சொன்னேன்.

30 ஏப்ரல், வெள்ளி

டாக்டரை விட்டுவிட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவரின் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தவராம், சிபாரிசு வந்ததாம். நேராக இங்கேதான் வந்தார். முகம் வீங்கியிருந்தது. அப்பாவுக்கு ஊசி போட்டுவிட்டு, "எப்படி வெளியில போச்சுன்னே தெரியல டீச்சர். நீங்க கண்டுபிடிச்சதை அவன் அன்னைக்கே எங்கிட்ட சொன்னான். நம்ம மூணு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது" என்றார். நான் கோயிலுக்குப் போகவில்லை.

12 மே, புதன்

திருச்சி ஜெயில். காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் நின்றேன். ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதியாம்.

"நீ அவனுக்கு என்ன ஆவணும்?"

மனைவி என்று சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன், ஊதாப் புடவைகூடக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு கிழவி, கோயமுத்தூர்ப் பேச்சு, "எம்பட பையனுங்க, திருமூர்த்தி" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வரிசையை விட்டு வந்துவிட்டேன். கொண்டுபோன அதிரசத்தை ரயிலில் யாரோ ஒரு குழந்தைக்குக் கொடுத்தேன்.

3 ஜூலை

இடது காலை உடைத்துவிட்டார்களாம். டாக்டர் சொன்னார்.

19 செப்டம்பர், ஞாயிறு

டாக்டரிடம் நோயாளிகள் வருவது நின்றுவிட்டது. நான்கு நாளில் விட்டார்கள் என்றால் சும்மாவா விட்டார்கள், ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தவன் என்று பேச்சு. சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து கிளினிக் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்களாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "திருமூர்த்தி வெளியில வரட்டும் டீச்சர். அவன் ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் சரியாயிடும்" என்றார். அப்பாவுக்குச் செவ்வாய்தோறும் ஊசி, காசு வாங்குவதில்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

22 மார்ச் 1977, செவ்வாய்

நெருக்கடி நிலையை எடுத்துவிட்டார்களாம். தெருவில் வெடி வெடிக்கிறார்கள். அப்பா பயந்து அழுகிறார்.

10 ஏப்ரல், ஞாயிறு

வந்தார்.

காலையில் வாசலில் ஊன்றுகோலின் சத்தம். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் சாம்பல். பாதி முடி நரைத்திருக்கிறது. இடது கால் இழுக்கிறது. மீசை வைத்திருக்கிறார். உள்ளே வந்து முதலில் அப்பாவின் காலைத் தொட்டார். அப்பா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, வாயோரம் எச்சில் வழிய என்னென்னவோ சொன்னார்.

காபி கொடுத்தேன். குடித்தார். "உள்ள இருந்தப்ப உங்க கை காப்பியத்தான் நெனைச்சுக்குவேனுங்க" என்றார். இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை இதை மனதுக்குள் நடத்திப் பார்த்திருப்பேன். அவர் உட்காருகிற இடம், நான் நிற்கிற இடம், எல்லாம் அப்படியே இருந்தது.

பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். அதுக்குத்தான் முதல்ல இங்க வந்தேன். சம்பந்தம்தான் காட்டிக்கொடுத்தான்னு எல்லாரும் சொல்றாங்க. நான் நம்பலைங்க. ஆனா நான் இங்க இருந்தது அவனுக்கும் உங்களுக்கும்தான் தெரியும். நீங்க தினமும் பாத்தவங்க. அவன் மேல உங்களுக்கு எப்பவாச்சும் சந்தேகம் வந்துச்சா?"

சொல்வதற்கு நேரம் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. ஈ ஒன்று தம்ளர் விளிம்பில் உட்கார்ந்தது, அதை அவர் விரட்டினார். நான் சொன்னால் அவர் எழுந்து, கோலை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அந்த வாசற்படியை இறங்குவார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யார் இருப்பார்கள்?

"வந்தது" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அவன் வீட்டுப் பக்கம் இனி போகமாட்டேனுங்க" என்றார். போகும்போது, இந்த ஊரிலேயே சங்க வேலை இருக்கிறது, ஞாயிறுதோறும் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறுதோறும். நான் கேட்கவில்லை, அவரேதான் சொன்னார்.

12 ஏப்ரல், செவ்வாய்

டாக்டர் ஊசி போட வந்தார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தார், தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார்.

"திருமூர்த்தி வந்திருந்தானாமே டீச்சர்? எப்படி இருக்கான்? காலு?"

"நடக்கிறார்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"இல்லை."

"கூச்சமா இருக்கும். எல்லாரும் என்னென்னவோ சொல்லியிருப்பானுங்க. வருவான். என்னைப் பார்க்காம எங்க போயிடப்போறான்?" என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் கழுவினார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். காபி கலந்து கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று குடித்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார், இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். இடது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, பல்லைக் கடித்து, வேர்த்து விறுவிறுக்கத் திரும்பப் பார்த்தார். அவரால் முடியவில்லை. நான்தான் போய்த் திருப்பிவிட்டேன்.